பெட்டி வீடும் பேலன்ஸ் ஷீட்டும்

ஆபீஸ்ல ஆணி ரொம்ப ஜாஸ்தி. மார்ச் கணக்கு முடிக்கிறதுக்குள்ள நாக்கு தள்ளிடுச்சு, அதான் இந்தப் பக்கம் வரவே முடியலை. இன்னிக்கு எழுதப்போறது கொஞ்சம் நீளமான சமாச்சாரம். டீயோ காப்பியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

விஷயம் இதுதான். போர்ட்டா கேபின், கன்டெய்னர் ஆபீஸ்னு தொழிற்சாலையில செஞ்சு லாரியில கொண்டுவந்து இறக்குற பெட்டிக் கட்டடங்கள் இருக்கே, ஒரு இடத்துல வேலை முடிஞ்சதும் அதைப் பழுது பார்த்து இன்னொரு இடத்துல வீடாவோ கடையாவோ பயன்படுத்தலாமா? காசு மிச்சமாகுமா? பூமிக்கு நல்லதுன்னு சொல்றாங்களே, அது நிஜமா?

வளைகுடாவுல இருக்கிற நம்ம மக்களுக்கு இந்தப் பெட்டியைப் பத்தி நான் சொல்லித் தரவேண்டியதில்லை. பாதிப் பேர் அதுக்குள்ள உக்காந்து வேலை பார்த்திருப்பீங்க, சில பேர் வருஷக்கணக்கா அதுலயே படுத்து எழுந்திருப்பீங்க. ஊர்ல அஞ்சு சென்ட் வாங்கிப் போட்டுட்டு, அதுல கான்கிரீட் வீடு எழுப்ப இன்னும் எத்தனை வருஷம் உழைக்கணும்னு விரல் விட்டு எண்ணிக்கிட்டிருக்கிறவங்களும் இருப்பீங்க. முக்கியமா அவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

இதுல எனக்கென்ன அக்கறைன்னு கேக்கலாம். நான் பி.காம்., சிவில் இன்ஜினியர் இல்லை. காவிரித் தண்ணி குடிச்சு வளர்ந்த ஆளை பேங்க் தூக்கி வித்துராவுல போட்டிருக்கு. திருவனந்தபுரத்துலேர்ந்து நெடுமங்காடு வழியா பொன்முடிக்குப் போற ரோட்டுல, மலை ஆரம்பிக்கிற இடத்துல இருக்கிற ஊர். ஐசர் கல்லூரி வளாகம் இங்கேதான். அகத்தியர்கூடம் ஏறப் போறவங்க இந்த வழியாத்தான் போணக்காட்டுக்குப் போவாங்க. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ரெண்டுமே இங்கே தப்பாம வந்து அட்டெண்டன்ஸ் போடும். இரும்புக்கு இதைவிட மோசமான எதிரி வேணாம்.

அப்படிப்பட்ட ஊர்ல, மூணு பழைய இரும்புப் பெட்டி வாங்கி வீடு கட்டப்போறேன், லோன் குடுங்கன்னு ஒருத்தர் வந்தார். பேரைச் சொல்ல மாட்டேன், வாடிக்கையாளர் ரகசியம். அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களையும் மாத்தியிருக்கேன். சேட்டன்னு வச்சுக்குவோம்.

சேட்டன் தமிழர்தான். அவரோட தாத்தா காலத்துல தேயிலைத் தோட்ட வேலைக்கு மலை ஏறின குடும்பம். மேலே ஒரு எஸ்டேட் லயத்துலதான் பொறந்து வளர்ந்தவர். லயம்னா தெரியுமில்லையா, வரிசையா ஒட்டிக் கட்டின ஒத்தை ரூம் வீடுகள். 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்ததுலேர்ந்து குடியிருப்பு குடுக்க வேண்டியது முதலாளியோட கடமை ஆச்சு. அது நல்ல சட்டம்தான், ஆனா அதுக்கு இன்னொரு பக்கம் இருக்கு. அம்பது வருஷம் குடியிருந்தாலும் வீடு உங்களோடது ஆகாது. வேலை இருக்கிற வரைக்கும் கூரை. தோட்டம் நல்லா ஓடினா ஓடு மாத்துவாங்க, நொடிச்சுப்போனா ஒழுகுற இடத்துல சட்டியை வச்சுக்க வேண்டியதுதான். சேட்டனோட அம்மா அப்படித்தான் ஒழுகுற லயத்துல தனியா இருந்தாங்க.

இவர் கத்தார்ல 17 வருஷம். வேலை என்ன தெரியுமா? கேபின் இறக்குறது, மாட்டுறது, கழட்டுறது. ஊருக்குத் திரும்பி வரும்போது கையில கொஞ்சம் சேமிப்பு, மெயின் ரோட்டை ஒட்டி அஞ்சு சென்ட் நிலம், அதுக்கு மேல ஒண்ணும் இல்லை. நகரத்துப் பக்கம் ஒரு பெரிய கட்டுமான வேலை முடிஞ்சு, அங்கே சைட் ஆபீஸா இருந்த கேபின்களைக் கழிச்சுக் கட்டுறாங்கன்னு கேள்விப்பட்டு எங்கிட்ட வந்தார்.

"சார், கேபினுக்கு ஹவுசிங் லோன் கிடைக்குமா?"

எந்த பேங்க் ஆபீசரும் இந்தக் கேள்விக்கு ஒரு நிமிஷம் முழிப்பான். வீட்டுக்கடன்னா நிலமும் அதுமேல நிக்கிற கட்டடமும் சேர்ந்து அடமானம். 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், நிலத்தோட பதிஞ்சு நிக்கிறதை, நிரந்தரமா இணைச்சதைத்தான் அசையாச் சொத்தா பார்க்குது. நாலு கல்தூண் மேல உக்காந்திருக்கிற பெட்டி அந்தக் கணக்குல வருமான்னு வக்கீலைக் கேட்டா அவர் ரெண்டு பக்கமும் பேசுவார்.

நான் கேட்டேன், "சேட்டா, நாளைக்கு ராத்திரி நீங்க க்ரேன் வச்சுத் தூக்கிட்டுப் போயிட்டா நாங்க எதை ஜப்தி பண்றது?"

அவர் சிரிச்சுக்கிட்டே சொன்னார், "கான்கிரீட் வீட்டை ஜப்தி பண்ணினா அது நிக்கிற இடத்துலயேதான் சார் விக்கணும். அந்த இடத்துக்கு ஆள் வரலைன்னா இடிக்கத்தான் முடியும். இதை நீங்க தூக்கிட்டுப் போய் எங்கே விலை கிடைக்குதோ அங்கே விக்கலாமே!"

இருபது வருஷமா கடன் மனு படிக்கிறேன், ஈடா வைக்கிற பொருளைப் பத்தி இப்படி யாரும் எனக்குப் பாடம் எடுத்ததில்லை. அவர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி, வாங்குறதுக்கு ஆள் இருக்கணும். அந்தப் பாதியைத் தேடித்தான் நான் இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல எங்க ஆளுங்க பாஷையிலேயே சொல்றேன். வருமான வரித் தேய்மானப் பட்டியல்ல சாதாரண வணிகக் கட்டடத்துக்கு வருஷம் 10 சதவீதம், குடியிருப்புக்கு 5 சதவீதம்னு இருந்துச்சு. அதே பட்டியல்ல மரக் கொட்டகை மாதிரியான 'முற்றிலும் தற்காலிகக் கட்டுமானம்'னு ஒரு வகை. அதுக்கு முன்னே 100 சதவீதம், பின்னே 40 சதவீதமா குறைச்சாங்க. போர்ட்டா கேபின் அந்த வகையில வருமாங்கிறது ஆடிட்டர்கள் சண்டை போடுற விஷயம். வந்துச்சுன்னு வைங்க. ஒரு லட்ச ரூபாய் கேபின் 40 சதவீதத் தேய்மானத்துல அஞ்சு வருஷம் கழிச்சு புத்தகத்துல வெறும் 7,776 ரூபாய். அதுவே 10 சதவீதம்னா 59,049 ரூபாய். பெட்டி என்னமோ ஒண்ணுதான், அதே இரும்புதான். ஒழுங்கா பராமரிச்சா இன்னும் பல வருஷம் நிக்கும். ஆனா பேலன்ஸ் ஷீட்ல செத்துப்போச்சு. செத்துப்போன பொருளுக்கு யாரும் பெயின்ட் அடிக்க மாட்டாங்க. வேலை முடிஞ்சதும் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு கிலோ கணக்குல தள்ளிவிடுவாங்க. சேட்டன் மாதிரி ஆளுக்கு லாபம் வர்றதே இந்த இடைவெளியிலதான். கிலோ விலைக்கு வாங்கி வீடா பயன்படுத்துறது.

"இரும்புதானே, உருக்கினா மறுபடி இரும்பு, வீணாகாதே?"ன்னு கேப்பீங்க. சரிதான். ஆனா ஒரு 20 அடி கப்பல் கன்டெய்னர் காலியாவே ரெண்டேகால் டன் எடை, அதுல பெரும்பகுதி எஃகு. புதுசா ஒரு டன் எஃகு தயாரிக்க, உலக சராசரியில ஏறக்குறைய 2 டன் கரியமில வாயு வெளியாகுது. பழைய இரும்பை உருக்கினா அதைவிடக் குறைவுதான், ஆனாலும் மின்சாரம் தின்னும். பெட்டியை அப்படியே உபயோகிச்சா அந்தச் செலவும் மிச்சம். தவிர, சுவருக்குள்ள இருக்கிற பஞ்சு, நுரை, பலகை, தரையில ஒட்டின வினைல் இதையெல்லாம் உருக்க முடியாது. நேரா குப்பை மேட்டுக்குத்தான் போகும்.

கல்லு, மணல் கணக்கு வேற இருக்கு. இங்கே மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடையறதுக்கு எதிர்ப்பு வலுத்ததும் கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்துக் குவாரிகள்லேர்ந்து கல்லும் எம்-சாண்டும் லாரி லாரியா எல்லை தாண்டி வருது. இங்கே ஒரு வீட்டை எழுப்ப அங்கே நம்ம ஊர் மலை ஒண்ணு தேயுது. இதை நினைச்சா எனக்கு மனசு கொஞ்சம் உறுத்தும்.

ஒரு ஞாயித்துக்கிழமை சேட்டனோட போய் அந்தக் கேபின்களைப் பார்த்தேன். அவர் சோதிச்ச விதத்தை அப்படியே எழுதுறேன், உங்களுக்கு உதவும்.

முதல்ல மேலே பார்க்கலை, கீழே குனிஞ்சார். பெட்டி உக்காந்திருக்கிற அடிச் சட்டம்தான் உயிர். தண்ணி தேங்குற இடத்துல முதல்ல துருப்பிடிக்கிறது அதுதான். கையில சின்னச் சுத்தியல் வச்சு அடி முழுக்கத் தட்டிக்கிட்டே போனார். நல்ல இரும்பு கணீர்னு சத்தம் குடுக்கும். துரு தின்ன இடம் மொத்துனு கேக்கும், செதில் செதிலா உதிரும். க்ரேன் கொக்கி மாட்டுற நாலு மூலையையும் தனியா பார்த்தார்.

அடுத்து உள்ளே போய்க் கதவு, ஜன்னல் எல்லாத்தையும் சாத்தினார். உச்சி வெயில் நேரம். "மேல பாருங்க சார்" என்றார். இருட்டுல கூரையில நட்சத்திரம் மாதிரி நாலஞ்சு புள்ளி வெளிச்சம். ஒவ்வொண்ணும் ஒரு ஓட்டை. காசு செலவில்லாத சோதனை!

பிறகு சுவரைக் கையால அழுத்திப் பார்த்தார். ரெண்டு தகடுக்கு நடுவுல நுரை நிரப்பின பஃப் பேனல்னா ஒட்டு விட்டிருக்கான்னு தெரியும். பழைய மாதிரி, வெளியே தகடு, உள்ளே பிளைவுட், நடுவுல கண்ணாடிப் பஞ்சுன்னா தண்ணி இறங்கின இடத்துல பஞ்சு கீழே சரிஞ்சு, பலகை உப்பியிருக்கும். தரையில கழிவறைப் பக்கத்து மூலையில நின்னு குதிச்சார். வெறும் பிளைவுட் தரைன்னா அங்கேதான் முதல்ல அழுகும்.

வயரிங்கைப் பார்க்கவே இல்லை. ஏன்னு கேட்டேன். "அது நல்லாயிருந்தாலும் பிடுங்கிப் போட்டுட்டுப் புதுசா போடணும் சார். இரும்புப் பெட்டி. ஒரு வயர் உரசினா வீடே ஷாக் அடிக்கும். எர்த்தும் ஈ.எல்.சி.பி.யும் இல்லாம உள்ளே ஒரு ராத்திரி படுக்கமாட்டேன்" என்றார்.

கப்பல் கன்டெய்னர் வாங்குறவங்களுக்கு அவர் சொன்ன இன்னும் ரெண்டு விஷயம். ஒண்ணு, அதோட பலகைத் தரையில பூச்சிமருந்து ஏத்தியிருப்பாங்க. கதவுல இருக்கிற தகட்டுல என்ன மருந்துன்னு குறிச்சிருக்கும், படிச்சுட்டு அந்தத் தரையை மாத்திடறது நல்லது. ரெண்டாவது, நெளிநெளியா இருக்கிற சுவர் அழகுக்கு இல்லை, பெட்டியோட பலத்துல அதுக்கும் பங்கு இருக்கு. ஜன்னலுக்குன்னு இஷ்டத்துக்கு வெட்டினா வெட்டின இடத்தைச் சுத்திச் சட்டம் வச்சு பலப்படுத்தணும்.

மூணு கேபின்ல ஒண்ணை வேண்டாம்னுட்டார். வெளியே பார்க்க அதுதான் பளபளன்னு இருந்துச்சு. அடிச் சட்டம் போச்சு!

இனி என்னோட 'மீதிப் பாதி'க்கு வர்றேன். பெட்டிக்கு அடுத்த ஆள் இருக்கிறதும் இல்லாததும் எவ்வளவு வித்தியாசம் பண்ணும்னு காட்ட, உலகத்துலேர்ந்தும் இந்தக் கேரளாவுலேர்ந்தும் சில உதாரணம்.

2020 மார்ச்ல கர்நாடகா எல்லையை அடைச்சப்போ, மங்களூர் ஆஸ்பத்திரிகளையே நம்பியிருந்த காசர்கோடு மக்கள் தவிச்சுப்போனது ஞாபகம் இருக்கும். டாடா குழுமம் சட்டஞ்சால் பக்கத்துல தெக்கில் கிராமத்துல, 128 ஆயத்தப் பெட்டிகளை இறக்கி, 500 படுக்கைக்கு மேல வர்ற ஒரு ஆஸ்பத்திரியை மாசக்கணக்குல எழுப்பிக் குடுத்துச்சு. செலவு சுமார் 60 கோடி. அந்த வருஷம் செப்டம்பர்ல அரசாங்கத்துக்கிட்ட ஒப்படைச்சாங்க. ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பார்த்த இடம். சாதாரண முறையில கட்டியிருந்தா அஸ்திவாரம் முடியறதுக்குள்ள அலையே ஓய்ஞ்சிருக்கும். அதுல எனக்கு மாத்துக்கருத்தே இல்லை. ஆனா கோவிட் அடங்கினதும் படுக்கைகள் காலி. பெட்டிகள் சும்மா கிடந்து, சில மழைக்காலத்துக்குள்ள சீரழிஞ்சு, அதையெல்லாம் அகற்றிட்டு வேற ஆஸ்பத்திரி கட்டுற பேச்சு வந்துடுச்சு. 128 பெட்டின்னா எத்தனை மலைக்கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆகும்னு மனசு கணக்குப் போடுது. ஆனா இடம் மாறிப் போகணும்னா, எந்தப் பெட்டி எங்கே போகுதுன்னு இறக்குற அன்னிக்கே எழுதி வச்சிருக்கணும்.

எதிர்ப்பக்கம் சேட்டன் வேலை பார்த்த கத்தார். 2022 உலகக் கோப்பை ரசிகர்கள் தங்குறதுக்கு ஆயிரக்கணக்குல கேபின் இறக்கினாங்க. "அதுல நானும் இறக்கியிருக்கேன் சார்"ங்கிறார் நம்ம ஆளு. போட்டி முடிஞ்சு ரெண்டு மாசத்துல, 2023 பிப்ரவரி 6-ம் தேதி துருக்கியிலயும் சிரியாவிலயும் பூகம்பம். 10,000 கேபினும் கேரவனும் அனுப்புறோம்னு கத்தார் அறிவிச்சு, ஒரு வாரத்துக்குள்ள முதல் தொகுதி கப்பல் ஏறிடுச்சு. போட்டி முடிஞ்சதும் தேவைப்படுறவங்களுக்குக் குடுக்கிறதுன்னு முன்னமே திட்டம் இருந்துச்சாம். அதனாலதான் அவ்வளவு வேகம். அதே ஊர்ல 974 கன்டெய்னரை வச்சுக் கட்டின ஸ்டேடியம், முழுசா கழட்டிக் கொண்டுபோகலாம்னு பேர் வாங்கினது. ஆனா 2024 டிசம்பர்ல கூட அங்கே ஃபிஃபா ஆட்டம் நடந்துச்சு. போற இடம் தெரிஞ்ச கேபின் உடனே கிளம்பிடுச்சு. ஸ்டேடியம் அப்படியே நின்னுடுச்சு. நின்ன இடத்துலயே பயன்பட்டா அதுவும் நல்லதுதான்னு வைங்க.

நின்னு பயன்பட்டதுக்கு லண்டன்லயும் ஒரு கதை இருக்கு. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச கையோட பிரிட்டன்ல சுமார் 1,56,000 ஆயத்த வீடுகளைப் பத்து வருஷம் தாங்கினா போதும்னு இறக்கினாங்க. லண்டன் கேட்ஃபோர்டுல எக்ஸ்காலிபர் எஸ்டேட்னு அப்படி 187 வீடு. அறுபது வருஷம் தாண்டியும் அதுல ஜனங்க குடியிருந்தாங்க. 2009-ல அதுல ஆறு வீட்டைப் பாரம்பரியக் கட்டடமாவே அறிவிச்சாங்க! பத்து வருஷ ஆயுள்னு சொன்ன பொருள் அறுபது தாண்டினதுல மந்திரம் ஒண்ணும் இல்லை. உள்ளே ஆள் இருந்தாங்க. ஒழுகினா அடைச்சாங்க, துருப்பிடிச்சா தேய்ச்சாங்க.

இவ்வளவு தூரம் போவானேன், கழட்டி மாட்டுற வீடு இந்தத் திருவிதாங்கூர் மண்ணுக்கே பழசு. பத்மநாபபுரம் அரண்மனை பார்த்திருப்பீங்க, அந்த மாதிரி மரவேலை. பழைய வீடுகள்ல பலகையைச் சட்டத்துல வெட்டின காடியில சொருகி, மர ஆணி அடிச்சு நிறுத்தியிருப்பாங்க. ஆசாரி நினைச்சா ஒவ்வொண்ணா கழட்டி, எண் போட்டு, வேற ஊர்ல மாட்டிடுவார். சென்னை ஐ.ஐ.டி.யில பேராசிரியரா இருந்த ஜெர்மன்காரர் கிளவுஸ் ஷ்லூசனர், 1980-கள்ல இப்படிப் பழைய மர வீடுகளை வாங்கிக் கொண்டுவந்து கோவளம் பக்கத்துல புளிங்குடி கடற்கரையில மாட்டினார். அதுதான் சூர்ய சமுத்ராங்கிற தங்குமிடம் ஆச்சு. குமரகத்துல 1993-ல ஆரம்பிச்ச கோகனட் லகூனும் அதே வழி. சென்னை முட்டுக்காட்டுல 1996-ல திறந்த தட்சிணசித்ராவுக்குக் குழந்தைகளைக் கூட்டிட்டுப் போனா, புதுப்பள்ளியிலேர்ந்தும் திருவனந்தபுரத்துலேர்ந்தும் கழட்டிக் கொண்டுபோய் நிறுத்தின வீடுகளைப் பார்க்கலாம். லாரி பேக்கர் வடிவமைச்ச வளாகம் அது. பேக்கர் திருவனந்தபுரத்துலயே இருந்து, 2007-ல காலமாகுற வரைக்கும் பழைய ஓடு, பழைய ஜன்னல்னு மத்தவங்க கழிச்சுப்போட்டதை வச்சு வீடு கட்டினவர்.

தேக்குக்கும் பலாவுக்கும் எப்பவும் வாங்க ஆள் இருந்தாங்க, கழட்டத் தெரிஞ்ச ஆசாரி இருந்தார். அதனால அந்த வீடுகள் இடம் மாறிப் பிழைச்சுது. இரும்புப் பெட்டிக்கு இன்னும் அந்தச் சந்தை வரலை. அது வர்ற வரைக்கும் 'மறுபயன்பாட்டுக்கு ஏத்தது'ன்னு விளம்பரத்துல போட்டிருக்கிறதை நான் பாதி விலைக்குத்தான் எடுத்துக்குவேன். பெட்டியைத் திரும்ப உபயோகிக்க முடியுமாங்கிறதை இரும்பு மட்டும் தீர்மானிக்கிறதில்லை. அடுத்த முகவரி யாரோடதுங்கிற கேள்விக்கு முன்னாடியே பதில் இருக்கணும்.

சேட்டன் கேஸ்ல அந்த முகவரி தெளிவா இருந்துச்சு. அவரே ஆசாரி, அவரே வாங்குற ஆளு. அதனால வீட்டுக்கடன்ங்கிற பேர்ல இல்லாம, நிலத்து ஆதாரத்தை (நம்ம ஊர்ல பத்திரம்னு சொல்றது இங்கே ஆதாரம்) ஈடா வாங்கிக்கிட்டு அந்த நிலத்தோட மதிப்புக்குள்ள ஒரு சின்னக் கடன் போட்டுக் குடுத்தோம். பெட்டியை நான் மதிப்புல சேர்க்கவே இல்லை. அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பஞ்சாயத்து அனுமதியும் முறையா வாங்கச் சொன்னேன். தகரமா இருந்தாலும் ஆள் குடியிருந்தா அது கட்டடம்தான்.

செலவுக் கணக்கையும் சொல்லணும். பெட்டியோட விலையைவிட அதுக்கப்புறம் ஆன செலவு அதிகம். ட்ரெய்லர் வாடகை, ஹைட்ரா க்ரேன், தரையிலேர்ந்து ரெண்டடி உயரத்துல நிறுத்த கான்கிரீட் தூண், துருவைச் சுரண்டி ப்ரைமர், பெயின்ட், புது வயரிங். பெட்டிங்கிறது பெரும்பாலும் காத்துதான், அந்தக் காத்துக்கும் லாரி வாடகை குடுக்கணும். நூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருந்தா எனக்கு வேணாம்னு சேட்டன் முதல்லயே சொல்லிட்டார். 40 அடிப் பெட்டியையும் தொடலை. நம்ம மலை ரோட்டுத் திருப்பத்துல அது திரும்பாது.

ரெண்டு பெட்டியையும் எதிரெதிரா வச்சு, நடுவுல பத்தடி இடம் விட்டு, மூணுக்கும் சேர்த்து மேலே ட்ரஸ் வச்சு ஷீட் போட்டுட்டார். பெட்டிக் கூரைக்கும் ஷீட்டுக்கும் நடுவுல காத்து ஓடும், அதனால வெயில் நேரா பெட்டி மேல விழாது, மழையும் விழாது. கத்தார் வெயில்ல பெட்டிக்குள்ள வெந்தவருக்கு அது தெரியாதா? அடுப்படியை மட்டும் பின்னாடி தனியா சிமென்ட் கல் வச்சுக் கட்டினார். நுரைப் பேனல் பக்கத்துல அடுப்பே கூடாதுன்னார். பிடிச்சா புகையிலயே ஆள் போயிடுமாம். ரெண்டு பெட்டிக்கும் ரெண்டு ரெண்டு வாசல், அதுவும் அதுக்காகத்தான்.

இதுல கஷ்டமான விஷயம் இரும்பு இல்லை, அவங்க அம்மாதான். வேலை நடந்துக்கிட்டிருந்தப்போ ஒருநாள் பார்க்கப் போயிருந்தேன். அவங்களையும் கீழே கூட்டிட்டு வந்திருந்தார். பெட்டியை ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு எங்கிட்ட கேட்டாங்க:

"தகரப் பொட்டிக்குள்ள மனுசன் இருப்பானா ஐயா? அரபு நாட்டுல இவன் இதுல கெடந்தது போதாதா?"

எனக்குப் பதில் வரலை. எக்ஸ்காலிபர் எஸ்டேட் கதையை அவங்ககிட்ட சொல்லவா முடியும்? மகன்தான் சொன்னார். "அம்மா, அங்கே நான் கெடந்தது கம்பெனிப் பெட்டி. நீ இருக்கிறது எஸ்டேட் லயம். இது தகரமோ என்னமோ, நம்ம பேர்ல இருக்கு. வெளியே போன்னு சொல்ல ஒருத்தனும் வரமாட்டான்."

அந்தம்மா உடனே ஒண்ணும் சமாதானம் ஆகலை. போன ஜூன் மழைக்கு முன்னாடி கீழே வந்து சேர்ந்தாங்க. லயத்துச் சாவியை மட்டும் இன்னும் முந்தானையில முடிஞ்சு வச்சிருக்காங்கன்னு சேட்டன் சொன்னார். மழைச் சத்தம்தான் அவங்களுக்குப் பெரிய குறை, ராத்திரி பேசினா கேக்கமாட்டேங்குதாம். ஆனா சட்டி எதையும் எடுத்துத் தரையில வைக்க வேண்டியிருக்கலை.

ஆக, இந்த வழியில யோசிக்கிறவங்களுக்கு பேங்க்காரனா நான் சொல்றது இவ்வளவுதான். இன்டர்நெட்ல பளபளன்னு வர்ற கன்டெய்னர் வீட்டுப் படத்தைப் பார்த்து மயங்கிப் பணம் அனுப்பாதீங்க. பெட்டி பக்கத்துல கிடைச்சு, அடிச் சட்டம் கணீர்னு இருந்து, மேலே இன்னொரு கூரை போட வசதி இருந்து, வருஷா வருஷம் துரு பார்க்க ஆள் இருந்தா தாராளமா வாங்கலாம். பூட்டிப் போட்டுட்டு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவுல வந்து எட்டிப் பார்க்கிற வீடுன்னா மட்டும் வேண்டவே வேண்டாம். கான்கிரீட்டாவது பாசி பிடிச்சு நிக்கும், இது மிச்சமே இருக்காது. முழுக் கடனும் பேங்க்ல கிடைக்கும்னும் எதிர்பார்க்காதீங்க. எங்க பட்டியல்ல இதுக்கு இன்னும் சரியான கட்டம் இல்லை.

வேண்டாம்னு விட்டுட்டு வந்த அந்த மூணாவது கேபின் கடைசியில பழைய இரும்புக் கடைக்கே போச்சுன்னு கேள்வி. அதுலேர்ந்து ரெண்டு ஜன்னலையும் ஒரு கதவையும் மட்டும் சேட்டன் போய்க் கழட்டிக்கிட்டு வந்துட்டார். அடுப்படிக்கு ஆச்சுல்ல!

சரி மக்களே, மேனேஜர் கூப்பிடுறார். அடுத்த பதிவுல பார்க்கலாம்.